எண்ணெய் டின் நின்ற பிறகு

தெருவில் எல்லாரும் அவரை மெத்தைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவர் மெத்தை செய்வதில்லை. பழைய சோபாக்களைப் பிரித்து, தொய்ந்த ஸ்பிரிங்கை மாற்றி, புது ஃபோம் வைத்து, துணி போர்த்தி, பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் அளவுக்குப் புதிதாக்கித் தருவார். கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறையின் ஜன்னலோரத்தில் அவர் மனைவியின் தையல் மெஷின். உறைகள் எல்லாம் அவள் கைவேலை. எதிர்ச்சாரியில், சிவப்புக் கதவு வைத்த வீட்டில், அவளுடைய அண்ணன் தனியாக இருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டு மாடிப்படி ஏறுவார். அவர் மெத்தைக்காரருக்கு மச்சான். மெத்தைக்காரர் அவருக்கு மாப்பிள்ளை.

ஒரு வருஷம் இருவருக்கும் ஒரே நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறியது. சர்க்கரையும் வாசல்படியில் வந்து நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். அங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வருஷம் மத்தியதரைக் கடல் உணவு முறையைச் சொல்லிக்கொடுத்து, ஆலிவ் எண்ணெயும் பாதாம், வால்நட் பருப்புகளும் இலவசமாகத் தருவார்கள். மீதிப் பாதிக்கு வழக்கமாகச் சொல்லும் அறிவுரை மட்டும். யார் எந்தப் பக்கம் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும்.

"மத்தியதரை உணவுன்னா என்ன மாப்ளே, நடுத்தரையில உக்காந்து சாப்பிடறதா?" என்று கேட்டுக்கொண்டே மச்சான் கையெழுத்துப் போட்டார்.

கம்ப்யூட்டர் மாப்பிள்ளையை எண்ணெய்ப் பக்கத்திலும் மச்சானைக் காகிதப் பக்கத்திலும் போட்டது. மெத்தைக்காரர் இரண்டு கையிலும் டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மச்சான் கையில் மடித்த தாள் ஒன்று. கொழுப்பைக் குறை, உப்பைக் குறை, நடைப்பயிற்சி செய்.

"ஒரே தெரு, ஒரே பிரஷர், ஒரே டாக்டர். உங்களுக்கு டின்னு, எனக்குத் தாளா?"

வகுப்பு எடுக்கவிருந்த உணவு ஆலோசகர் அங்கேயே நின்றிருந்தார். இளம்பெண். மச்சான் அவருக்கு அப்போதே 'சாப்பாட்டு டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் பண்ணினது சார். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி டீச்சர். அந்தக் கம்ப்யூட்டர் என்னிக்காவது என் பஸ்ல ஏறாமலா போயிடும்?"

டீச்சர் சிரித்தார், ஆனால் அடுத்து அவர் சொன்னதில் மச்சானின் முகம் சுண்டிவிட்டது. ஆய்வு முடியும்வரை ஒரு பக்கத்துக்காரர் மறுபக்கத்துச் சட்டியில் சாப்பிடக் கூடாதாம். சாப்பிட்டால் எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாதாம்.

"ரகசியமா வந்து சாப்பிட்டுப் போண்ணே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் தங்கை.

மச்சான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில்கூட சிவப்பு விளக்குக்குப் பேருந்தை நிறுத்துகிறவர். "கையெழுத்துப் போட்டாச்சும்மா" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வருஷம் டிப்போ கேன்டீனில் சாப்பிட்டார், இல்லையென்றால் வீட்டில் ரொட்டியை வாட்டித் தின்றார். எதிர்வீட்டு மாடியிலிருந்து பூண்டும் தக்காளியும் வதங்குகிற வாசனை வரும்போது எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.

மெத்தைக்காரருக்கோ அது பொற்காலம். சனிக்கிழமை வகுப்புகளுக்கு மனைவியோடு போவார். இருபது பேர் சேர்ந்து கத்தரிக்காய் நறுக்குவார்கள், மீனுக்கு எலுமிச்சை பிழிவார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள். வாரம் ஒருமுறை டீச்சர் போன் செய்து "இந்த வாரம் பயறு எத்தனை தடவை?" என்று கேட்பார். டின் தீரத் தீர அடுத்த டின் வரும். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டிவந்தது. சோபாவுக்கு அளவெடுக்கப் போன வீடுகளில்கூட, கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஆலிவ் மரத்துக்குச் சொந்த மாமன் மகன் மாதிரிப் பேசினார்.

வருஷம் முடிந்தது. டாக்டர் எல்லாரையும் கூட்டிவைத்து, எண்ணெய்ப் பக்கத்துக்காரர்களுக்கு அழுத்தமும் சர்க்கரையும் நன்றாகவே இறங்கியிருப்பதாகச் சொன்னார். இனி இரண்டு பக்கத்துக்காரர்களும் இப்படியே சாப்பிடலாம், ஆனால் டின் வராது, போன் வராது, வகுப்பும் கிடையாது. டீச்சர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "விட்டுடாதீங்க" என்றார்.

"விடறதா? இது என் ரத்தத்துல ஊறிப்போச்சு டீச்சர்" என்றார் மெத்தைக்காரர்.

ரத்தத்தில் ஊறியது எவ்வளவு சீக்கிரம் காயும் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

விட்டுவிட வேண்டும் என்று அவர் ஒருநாளும் முடிவு செய்யவில்லை. அது தானாகத் தேய்ந்தது. கடைசி டின் காலியானதும் ஒரு சின்ன பாட்டில் வாங்கினார்கள். பருப்புகள் டப்பாவின் அடியில் கிடந்தன, பிறகு டப்பாவில் பொத்தான்கள் குடியேறின. ராத்திரிச் சாப்பாட்டை மனைவி ஒழுங்காகத்தான் சமைத்தாள். மத்தியானம்தான் ஓட்டை. அவள் முன்னதாகவே மாடிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவாள். இவர் வேலைக்கு நடுவே நேரம் கிடைத்தபோது, கையில் சுத்தியலோடு, நின்றவாக்கில் எதையாவது விழுங்குவார். பட்டறையை அடுத்த திருப்பத்தில் ஒரு பேக்கரி. அங்கே நடுவில் வெண்ணெய் தடவி மேலே சர்க்கரை தூவிய பன். சூடாக இருக்கும்போது காகிதத்தில் சுற்றித் தருவார்கள். முதலில் வாரத்துக்கு ஒன்று. பிறகு பேக்கரிக்காரர் இவர் தலையைப் பார்த்ததுமே காகிதத்தை எடுக்க ஆரம்பித்தார்.

இதே சமயம் எதிர்ச்சாரியில் வேறொரு கதை. ஆய்வு முடிந்த மறுநாளே மச்சான் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கொண்டைக்கடலையை எவ்வளவு நேரம்மா ஊறவைக்கணும்?"

"நான் செஞ்சு தரேன்ணே. நீ எதுக்கு?"

"ஒரு வருஷம் வாசல்லயே நிக்கவெச்சாங்க. இப்பக் கதவு திறந்திருக்கு. நானே உள்ள போய்ப் பார்க்கறேன்."

முதல் கடலை கல்லாக இருந்தது. இரண்டாவது தடவை அடிப்பிடித்து, தெருவே மூக்கைப் பொத்தியது. ஆனால் மனிதர் சளைக்கவில்லை. சாப்பாட்டு டீச்சர் மறுபக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் தங்கையிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். எண்ணெயில் பூண்டை எப்போது போடுவது, கருகுவதற்கு முன்னால் எப்போது எடுப்பது என்று பேருந்தின் கியர் மாற்றும் நிதானத்தோடு கற்றுக்கொண்டார். சீக்கிரமே அவர் வீட்டிலிருந்து மூடி போட்ட கிண்ணங்கள் சாலையைக் கடந்து வரத் தொடங்கின. சுட்ட கத்தரிக்காய் மசியல், தக்காளியோடு வெந்த பயறு, எலுமிச்சையும் கீரையும் போட்ட மீன்.

"கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவங்க சமைச்சு என் கைக்கு வர்றது இதுதான் முதல் தடவை" என்று மனைவி கிண்ணத்தை வழித்து நக்கினாள். மெத்தைக்காரருக்கு அது சுருக்கென்றது. ஆலிவ் எண்ணெய் அவருடைய ராஜ்ஜியம். அதில் பட்டாளம் இல்லாமலே மச்சான் கொடி நட்டுவிட்டார்.

ஒரு நீல சோபா பட்டறைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். பள்ளித் தலைமையாசிரியை ஒருவருடையது. மூன்று பேர் உட்காரலாம், நல்ல கனமான மரச்சட்டம். மெத்தைக்காரர் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்பிரிங்குகளை மூடும் அடித்துணியை ஸ்டேப்ளரால் அடிக்கத் தயாராகிக்கொண்டே பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் மனைவியின் செருப்புச் சத்தம். யோசிக்க நேரமில்லை. பாதிப் பன்னைக் காகிதத்தோடு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே செருகிவிட்டு, ஸ்டேப்ளரைக் கையில் எடுத்து மும்முரமாக வேலை செய்வதுபோல நின்றார். அவள் நூல் கண்டைத் தேடினாள், ஏதோ கேட்டாள், பேச்சு வளர்ந்தது. பேசிக்கொண்டே அடித்துணியைச் சுற்றிலும் அடித்து முடித்துவிட்டார். சாயங்காலம் சோபா வேனில் ஏறிப் போய்விட்டது. பன் ஞாபகமே வரவில்லை.

அடுத்த வாரம் தலைமையாசிரியையே பட்டறைக்கு வந்தார்.

"உக்காந்தா சரசரன்னு சத்தம் வருது. அதுகூடப் பரவாயில்ல. எறும்பு வருது."

"எறும்பா மேடம்?"

"வரிசையா. எங்க ஸ்கூல் பிள்ளைங்ககூட இவ்வளவு ஒழுங்கா வரிசையில போனதில்லை."

அப்போதுதான் மெத்தைக்காரருக்குப் பன் ஞாபகம் வந்தது. சோபாவைத் தனியாகப் புரட்ட முடியாது. அன்று மச்சானுக்கு விடுமுறை, "வாங்க மாப்ளே, நான் ஒரு கை பிடிக்கறேன்" என்று வேனில் ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல மெத்தைக்காரருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

தலைமையாசிரியை வீட்டுக் கூடத்தில் இருவரும் சோபாவைக் கவிழ்த்தார்கள். மெத்தைக்காரர் குறட்டால் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வேண்டுமென்றே மெதுவாகப் பிடுங்கினார் என்றுகூடச் சொல்லலாம். அடித்துணி விலகியதும் காகிதம் தெரிந்தது. அதற்குள், எறும்புகள் மொய்த்துக் கறுத்துப்போன அரைப் பன். கடித்த பல் அச்சு அப்படியே இருந்தது.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கீழே இறக்கி, அதன் மேலாகப் பார்த்தார். "இது யாருடையது?"

அந்தக் குரலுக்குப் பயந்து எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் உண்மையைக் கக்கியிருப்பார்களோ! மெத்தைக்காரர் குனிந்து, பிடுங்கிய பின்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"என்னோடது மேடம்" என்றார் மச்சான். "அன்னிக்கு ஒத்தாசைக்கு வந்தேன். கை வேலையில வெச்சது மறந்துபோச்சு. மன்னிச்சுக்கங்க."

சிவப்பு விளக்கை ஒருமுறைகூடத் தாண்டாத மச்சான். மெத்தைக்காரர் அவரைப் பார்த்தார். மச்சான் இவர் பக்கம் திரும்பாமல் எறும்புகளை ஊதிவிட்டுக்கொண்டிருந்தார். சட்டத்தைத் துடைத்து, மருந்தடித்து, புது அடித்துணி போட்டுக் கொடுத்துவிட்டு இருவரும் வேனுக்கு வந்தார்கள்.

பாதி வழியில் மெத்தைக்காரர் கேட்டார்.

"எதுக்கு மச்சான் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"பட்டறை பேரு கெட்டா, என் தங்கச்சி தைக்கிற உறைக்கும் சேர்த்துத்தான் கெடும்." அதோடு நிற்காமல், "பல்லு அச்சைப் பார்த்தேன். மேல்பல்லு ஒண்ணு இல்லாத கடி. நம்ம தெருவுல அது உங்களுக்கு மட்டும்தான் பொருந்தும்" என்றார்.

மெத்தைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கமும் கூடவே வந்தது.

"அந்த வருஷம் அவ்வளவு ஒழுங்கா இருந்தீங்களே மாப்ளே. என்னதான் ஆச்சு?"

"அப்ப யாராவது கேப்பாங்க மச்சான். டீச்சர் கேப்பாங்க, வகுப்புல இருக்கறவங்க கேப்பாங்க. சேர்ந்து நறுக்குவோம், சேர்ந்து திம்போம். இப்ப மத்தியானம் பட்டறையில தனியா நின்னுக்கிட்டு நான் பாட்டுக்குக் கொண்டைக்கடலையைக் கொறிச்சா, எனக்கே நான் குதிரை மாதிரித் தெரியறேன்."

மச்சான் வெளியே பார்த்தபடி தலையாட்டினார். தெருவுக்குள் திரும்பும்போது சொன்னார்.

"என் காலை ஷிஃப்ட் மத்தியானம் முடிஞ்சிடுது. நாளைக்கு நான் சாப்பாட்டோட வரேன். அந்த வெட்டுற மேஜையைக் காலி பண்ணி வையுங்க."

மறுநாள் வந்தார். துணி வெட்டும் மேஜையின் ஒரு கோடியில் கத்தரிக்கோலும் சாக்கட்டியும் ஒதுங்கின. பயறும் தக்காளியும் ரொட்டியும் இறங்கின. அண்ணன் வந்த சத்தம் கேட்டு மனைவியும் தன் தட்டோடு மாடியிலிருந்து கீழே வந்துவிட்டாள்.

"பன் கதை எனக்கும் தெரியும்" என்றாள் உட்கார்ந்ததும்.

"மச்சான்!"

"அண்ணன் ஒண்ணும் சொல்லலை. மீசையில சர்க்கரை ஒட்டிக்கிட்டு இருக்கறதை நாலு மாசமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்? தானா விடுவீங்கன்னு பார்த்தேன்."

அன்று தொடங்கிய மத்தியானச் சாப்பாடு ஓய்ந்தபாடில்லை. ஆரம்பத்தில் மச்சான் கொண்டுவந்தார். பிறகு முறை வைத்தார்கள். மெத்தைக்காரர் முறை வரும்போது பெரும்பாலும் தக்காளிதான் இருக்கும், அதையும் கேலி செய்துகொண்டே மூவரும் வழித்துச் சாப்பிடுவார்கள். உப்பு போதாது என்று சண்டை வரும். மீனில் முள் இருக்கிறது என்று சண்டை வரும். உறவுக் கல்யாணங்களில் கேக்கும் வறுத்த இறைச்சியும் தட்டு நிறைய வாங்கிச் சாப்பிடுவார்கள், மறுநாள் மேஜைக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரு குளிர்காலத்தில் மெத்தைக்காரர் முதுகு பிடித்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்தபோது எல்லாம் குலைந்தது. அனுதாபத்தோடு பார்க்க வந்தவர்கள் கேக் பெட்டிகளோடு வந்தார்கள், அவரும் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மேஜைக்கு வந்தார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தட்டு மட்டும் வைத்தார்கள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மச்சான் ஓய்வு பெற்றார். அதன்பின் சந்தைக்குப் போவது அவர் உத்தியோகம் ஆயிற்று.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பழைய ஆய்வில் இருந்தவர்களை மறுபடி கூப்பிடுகிறார்களாம். டின்னும் வகுப்பும் நின்று இத்தனை காலமான பிறகு யார் யார் இன்னும் அப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.

மெத்தைக்காரர் அன்றே கீரைக்கட்டுகளை வாங்கிக் குவித்தார். காலையில் கீரை, மத்தியானம் கீரை, ராத்திரி கீரை என்று இறங்கினார்.

"பரீட்சைக்கு முதல் நாள் விழுந்து விழுந்து படிக்கிற புத்தி இன்னும் போகலையே உங்களுக்கு" என்றாள் மனைவி. "எப்பவும் சாப்பிடறதைச் சாப்பிட்டுட்டுப் போங்க. அதைத்தானே பார்க்கணும்னு கூப்பிடறாங்க?"

ஆஸ்பத்திரியில் இருந்த சாப்பாட்டு டீச்சருக்கு இப்போது காதோரம் நரைத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "கம்ப்யூட்டர் இன்னும் உங்க பஸ்ல ஏறலையா சார்?" என்று மச்சானிடம் கேட்டார்.

"நான் ரிடையர் ஆயிட்டேன். அது தப்பிச்சிடுச்சு."

ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். பிறகு டீச்சர் மெத்தைக்காரரிடம் வரிசையாகக் கேட்டார். எண்ணெய், காய், பயறு, மீன். எல்லாவற்றுக்கும் தலை நிமிர்ந்து பதில் சொன்னார்.

"வெண்ணெய்?"

"ஞாயித்துக்கிழமை." தொண்டையைச் செருமினார். "நெஞ்சைத் தொட்டுச் சொல்லணும்னா, சில சமயம் புதன்கிழமையும்."

டீச்சர் சிரித்தார். "நடுவுல விட்டதுண்டா?"

"நல்லாவே விட்டேன். அப்புறம் இவரு வந்து மேஜையைக் காலி பண்ணச் சொன்னாரு."

டீச்சர் மச்சான் பக்கம் திரும்பினார். அதே கேள்விகள். அவர் பதில் சொல்லச் சொல்ல டீச்சரின் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று.

"சார், நீங்க மற்ற பக்கம். உங்களுக்கு நாங்க ஒண்ணுமே தரலை, சொல்லியும் தரலை. எப்படி இவ்வளவு தீவிரமா…"

"தரலைங்கிறதாலதான் டீச்சர்" என்று மச்சான் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. "என் வீட்டுக்காரி போனப்புறம் என் அடுப்புல தண்ணியைத் தவிர வேற எதுவும் கொதிச்சதில்லை. உங்க ஆய்வு நடந்த வருஷம் தங்கச்சி வீட்டுக்கும் போக முடியலை. அப்பத்தான் தெரிஞ்சுது, நான் சாப்பாட்டுக்காகப் போகலை, கூட உக்கார ஆளு வேணும்னு போயிருக்கேன்னு. ராத்திரி ராத்திரி வந்து சாப்பிட்டுப் போறவனா மட்டும் இருக்கறது ஒரு மாதிரியா இருந்துச்சு. நானும் எதையாவது கொண்டுக்கிட்டு வரணும்னு தோணிச்சு. கொண்டைக்கடலை கிடைச்சுது."

மெத்தைக்காரர் மச்சானைப் பார்த்தார். இத்தனை வருஷமாக, மச்சான் தன்னைக் காப்பாற்றத்தான் கிண்ணத்தோடு சாலையைக் கடந்து வந்தார் என்று நினைத்திருந்தார். அதற்காக உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சமும் இருந்தது. அந்தக் கூச்சம் இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"அந்த முதல் கடலையை மட்டும் சேர்த்துக்காதீங்க டீச்சர். அதால என் இன்னொரு பல்லும் ஆடிப்போச்சு" என்றார்.

"பார்த்தீங்களா டீச்சர், நன்றி கெட்ட மனுஷன்" என்றார் மச்சான்.

முடிவுகளை டீச்சர் பிறகு ஒரு மத்தியானம் போனில் சொன்னார். பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. மெத்தைக்காரரின் அழுத்த மாத்திரைகளில் ஒன்றை டாக்டர் பாதியாக்கினார். மச்சானுக்குச் சர்க்கரை வாசல்படியிலேயே நிற்கிறது, உள்ளே வரவில்லை. "இத்தனை வருஷத்துல அது அங்கேயே நிக்கறது பெரிய விஷயம் சார்" என்றார் டீச்சர். ஆய்வில் இருந்தவர்களில் பலர் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து இருக்கிறார்கள் என்றும், அடுத்த மாதம் அவர்கள் எல்லாரையும் ஒரு சனிக்கிழமை கூட்டிப் பேசவைக்கப்போவதாகவும், இவர்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னார்.

"என்ன பேசறது?" என்றார் மெத்தைக்காரர் போனை வைத்துவிட்டு.

"நீங்க பேசுங்க. நான் மீன் கொண்டுவரேன்" என்றார் மச்சான்.

"நாப்பது பேருக்கா? மூணு பேருக்குச் செஞ்சாலே அடுப்பங்கரை அமளிதுமளி ஆயிடுது" என்றாள் தங்கை.

அப்போது பட்டறை வாசலில் ஒரு வாடிக்கையாளர் தலையை நீட்டினார். மேஜையில் தட்டுகள், நடுவில் ஆவி பறக்கும் பயறு. மூவரும் வாயும் கையுமாக இருந்தார்கள். "அப்புறமா வரட்டுமா?" என்று தயங்கினார்.

"உள்ள வாங்க" என்று மெத்தைக்காரர் பாதி வேலை முடிந்த ஒரு நாற்காலியைக் காலால் நகர்த்தினார். "ஸ்பிரிங் இன்னும் கட்டலை, பார்த்து உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

மச்சான் எழுந்து இன்னொரு தட்டு எடுக்கப் போனார்.